பழுப்புப் புகைக்குக் கையுறை ஏது?

ஆசிரியருக்கு வணக்கம்.

உலோகத் தகட்டில் மெழுகு பூசி, அதில் கோடு கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரித்து அச்சுப்படம் எடுக்கும் கலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். கவசங்களில் பூவேலை செய்தவர்களிடமிருந்து இக்கலை அச்சுக்கு வந்ததையும், 1515 முதல் 1518 வரை ஜெர்மன் ஓவியர் ட்யூரர் இரும்புத் தகடுகளில் ஆறு படங்கள் செய்ததையும் சுவையாகச் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். அமிலத்துக்கு வந்ததும் மட்டும் அவசரம். 'நைட்ரிக் அமிலத்தில் தகட்டை இடுங்கள். கையுறை அணிய மறவாதீர்கள்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்.

செம்பை நைட்ரிக் அமிலம் அரிக்கும்போது எழுவது நைட்ரஜன் டை ஆக்சைடு என்னும் பழுப்புப் புகை. அதற்குக் கையுறை என்ன செய்யும்? பழகத் தொடங்கிய நாட்களில் ஜன்னல் சாத்திய அறையில் நானும் அதைச் சுவாசித்தவன்தான். சிறிது இருமல், கண்ணெரிச்சல். முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். நள்ளிரவில் மூச்சு முட்டியபோது, மாலையில் செய்த வேலை நினைவுக்கே வரவில்லை. மருத்துவர் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னேன். பல மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு நுரையீரலில் நீர் கோக்கவைப்பதுதான் அந்தப் புகையின் வஞ்சகம். இருமல் நின்றதும் தப்பித்தோம் என்று எண்ணிவிடக் கூடாது.

தொடக்கக்காரருக்கு நைட்ரிக் எதற்கு என்பதே என் கேள்வி. செம்புக்கு ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் போதும். பழுப்புப் புகை இல்லை. நைட்ரிக்கில் கிளம்பும் குமிழிகள் கோட்டின் ஓரத்து மெழுகைப் பெயர்த்துவிடும். இறகால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபெர்ரிக் குளோரைடில் அந்தத் தொல்லை இல்லாததால் மயிரிழைக் கோடும் கூர்மையாக விழும். கரைசல் கலங்கலாக இருப்பதால் உள்ளே நடப்பது தெரியாது என்று பழைய கைகள் முணுமுணுப்பார்கள். உண்மைதான், பழகிக்கொள்ள வேண்டும். கீறிய பக்கம் கீழே பார்க்கும்படி தகட்டைத் தொங்கவிட்டால் வண்டல் கோட்டில் தங்காது. அலுமினியத்தை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள். கொதித்துப் பொங்கும், ஹைட்ரஜனும் வெளிவரும். கண்ணுக்கு மூடிய கண்ணாடி இதற்கும் கட்டாயம். தெறித்தால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். தோலின் மேல் சோடாத்தூளைக் கொட்டாதீர்கள்.

பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் ஊற்றுவதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. அதில் கரைந்திருக்கும் செம்பு மீன்களுக்கு நஞ்சு; உலோகக் குழாயையும் அது தின்றுவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் கலத்தில் சேர்த்து, அபாயக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த படத்தில், பின்னால் உள்ள அலமாரியில் நைட்ரிக் அமிலப் புட்டியும் டர்பெண்டைன் புட்டியும் தோளோடு தோள் நிற்கின்றன. இரண்டும் கலந்தால் தானே தீப்பிடிக்கக்கூடும். இதழில் என் கடிதம் வருகிறதோ இல்லையோ, அவற்றை இன்றே பிரித்து வைக்கும்படி கட்டுரையாளரிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
செப்புத் தகட்டோடு 20 ஆண்டுகளாகப் பழகும் ஒரு வாசகன்