முகாம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

எல்லையோர ஊராட்சிகளில் ஒருநாள் விழிப்புணர்வு முகாம்கள் நடத்தவிருப்பதாக வந்த செய்தியைக் கண்டேன். நோக்கம் நல்லது, ஆனால் மேடைப் பேச்சு கேட்டு ஆள் மாறுவதில்லை. தன் மதிப்பைத் தானே உணர்ந்தவர்தான் அடிமைத்தனத்தை உதறுவார், ஊரும் அவரால் உயரும். சாதியின் பெயரால் தலைப்பாகை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையுடனே வழிபடச் செய்த, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் காட்டிய வழி அதுவே.

இப்பகுதி வாசிப்பு வட்டங்களில் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடினால் இரண்டு மூன்று பேரே பேசுகிறார்கள். பெண்கள் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். எனவே சிறு குழுவாக, வாரம் ஒரு மணி நேரம், வட்டமாக அமர்ந்து கிராம சபைத் தீர்மானத்தை உரக்க வாசித்து, ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். முகாம் நிதியில் ஒரு பங்கை ஊர் நூலகங்களுக்கு இதற்கென ஒதுக்கி, அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்பே தொடங்கலாம்.

- வாசகர், களியக்காவிளை