எங்கள் தெருப் புங்கை மரத்துக்காக ஒரு நன்றி மடல்

தெருமுனைப் புங்கை மரத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழை இரண்டு முறை அடித்துப் பெய்துவிட்டது. மரம் நிற்கிறது. முன்பே எழுதினால் கண் பட்டுவிடும் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள், அதனால்தான் இவ்வளவு தாமதம்.

ஆவணியில் மழைநீர் வடிகால் தோண்ட வந்த ஜேசிபி, மரத்தின் மேற்குப் பக்க வேர்களை ஒரே இழுப்பில் அறுத்துப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கை தடிமன் வேர்கள் நார் நாராகப் பிய்ந்து கிடந்தன. "இனிமே இது நிக்காது சார், வெட்டிடலாம்" என்றார் மேஸ்திரி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை முழுக்க மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். பலரும் தலையாட்டினோம். நானும்தான்.

ஆட்டாதவர் தையல்கடை அண்ணன் ஒருவர்தான். மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்குப் போன் போட்டு, அவர்கள் கொடுத்த புகார்ப் பதிவு எண்ணைத் துணியில் கோடு போடும் சாக்பீஸால் கடை ஷட்டரிலேயே எழுதி வைத்தார். இரண்டு நாள் யாரும் வரவில்லை. மறுபடி போட்டார். அண்ணே, முதல் நன்றி உங்களுக்கு.

மூன்றாம் நாள் வந்த பூங்காத் துறை மேடம் சத்தமே போடவில்லை. "பசுமைக் குழு அனுமதிக் கடிதம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அரசு இடத்து மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு சம்மதிக்க வேண்டும். அப்படி வெட்டினாலும் ஒன்றுக்குப் பத்தாகக் கன்று நட வேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். கடிதம் இல்லை. மர அறுவை மெஷின் வேனுக்குள் திரும்பிப் போனது.

அப்புறம் நடந்ததுதான் பெரிய வேலை. மரத்தருகே மட்டும் வடிகாலைச் சாலைப் பக்கம் வளைத்தார்கள். பிய்ந்த வேர் நுனிகளை ரம்பத்தால் சீராக அறுத்தார்கள், இல்லாவிட்டால் அழுகல் உள்ளே ஏறுமாம். மேற்குக் கிளைகளை மின்கம்பிக்காக வருடா வருடம் கழித்ததில், பாரம் முழுக்கக் கிழக்கில் சேர்ந்திருந்தது. மேற்கே இழுத்துப் பிடிக்க வேரும் இல்லாமல் போனால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிழக்கில் அளவாகக் கழித்தார்கள். மழைக்கு முன் மொட்டையடித்துவிட்டுப் பராமரிப்பு என்று சொல்கிறார்களே, அந்த மாதிரி இல்லை.

தூரை ஒட்டிப் போட்டிருந்த சிமென்டையும் சுற்றிலும் ஒரு மீட்டருக்கு உடைத்தெடுத்தார்கள். டெல்லிக்கு இந்த ஒரு மீட்டரைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே சொல்லிவிட்டது. நம் தெருவில் தண்ணீர் குடிக்கச் சாண் இடம்கூட விடாமல் பூசியிருந்தோம். கடப்பாரையால் மூன்று நாள் கைவேலையாகவே தோண்டிய தொழிலாளர்களுக்கு நன்றி. மூன்று நாளும் காசு வாங்காமல் டீ கொடுத்த கடைக்காரருக்கும்.

ஆணி பிடுங்கிய பையன்களே, உங்களை மறப்பேனா? டியூஷன், பிஜி ஹாஸ்டல், மூலம் பௌத்திரம் என்று ஒவ்வொரு போர்டுக்கும் நாலு ஆணி. ஒரு பெயின்ட் டப்பா நிறைந்தது. மரத்தில் விளம்பரம் அடித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று 2019லேயே மாநகராட்சி அறிவித்தாயிற்று. அதில் இரண்டு போர்டு நம் தெருக்காரர்களுடையது. பெயர் சொல்லவில்லை, அவர்களும் இதைப் படிப்பார்கள்.

கவுன்சிலருக்கும் நன்றி, கூப்பிட்டதும் வந்தார். மேஸ்திரிக்கும் நன்றி. முதல் பெருமழை ராத்திரி பைக்கை நிறுத்தி, டார்ச் அடித்து மரத்தைப் பார்த்துவிட்டுப் போனதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

ஒருவருக்கு மட்டும் நேரில் சொல்ல முடியவில்லை. தோண்ட வந்தவர்களில் ஓர் அம்மா, யாரும் சொல்லாமலே சாக்கை நனைத்து, வெயில் பட்ட வேர்களைப் போர்த்தினார். "வேரு காஞ்சா போச்சு சார்" என்றார். பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன். அந்தக் குழு இப்போது எந்தத் தெருவில் வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள், மேற்குப் பக்கம் துளிர் விட்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.