பொத்தி வளர்க்கப்பட்ட பெண்ணின் பயத்தையும் சொல்லிக்கொடுங்கள்: அமெரிக்கத் தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் தன்னார்வ ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பிப்ரவரி மாதம் வந்தால் எங்கள் வார இறுதிப் பள்ளியில் கறுப்பினத்தவர் வரலாற்றைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைப்பது வழக்கம். பிள்ளைகள் மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றியும் ரோசா பார்க்ஸைப் பற்றியும் மனப்பாடம் செய்து வந்து நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் அந்த உரைகளில் வரும் யாருக்கும் பயம் என்பதே இருப்பதில்லை. எல்லோரும் துணிவோடு பிறந்து துணிவோடு வாழ்ந்தவர்களாக வந்து போகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் 15 வயதுப் பெண்ணுக்கு அவர்கள் வேறு யாரோ. அந்த வயதுப் பெண்ணுக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றி எழுதவே இந்த மடல். அவர் பெயர் டயேன் நாஷ்.

1938இல் சிகாகோவில் பிறந்தவர். கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தவர். கன்னியர் மடத்தில் சேரலாமா என்று ஒரு காலத்தில் எண்ணியவர். சிறு வயதில் அவரை வளர்த்த பாட்டி, நீ யாருக்கும் குறைந்தவள் இல்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். நிறத்தைப் பற்றிய பேச்சு வீட்டில் அதிகம் எழவில்லை. பிள்ளையின் காதில் அந்தக் கசப்பு விழாமல் பார்த்துக்கொள்வதே அன்பு என்று பெரியவர்கள் நினைத்தார்கள். நம் வீடுகளில் நாமும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறோம். தெற்கு மாநிலங்களில் நிறப் பிரிவினை உண்டு என்பது டயேனுக்குச் செய்தியாகத் தெரியும். அது தன் உடம்பைத் தொட்டதில்லை.

1959இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலுள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அது தொட்டது. மாநிலக் கண்காட்சிக்குப் போன இடத்தில், கறுப்பினப் பெண்களுக்கெனத் தனியாகப் பலகை மாட்டிய கழிப்பறையைக் கண்டார். நகரின் கடைத்தெருவில் காசு கொடுத்து உணவு வாங்கிய கறுப்பின மக்கள், கடைக்குள் உட்கார இடமின்றி நடைபாதை ஓரத்தில் அமர்ந்து உண்பதைப் பார்த்தார். இதை எதிர்த்து யாராவது ஏதாவது செய்கிறார்களா என்று அவர் விசாரிக்கத் தொடங்கியபோதுதான் ஜேம்ஸ் லாசன் நடத்திய பயிற்சி வகுப்புகளைப் பற்றித் தெரியவந்தது. லாசன் நாக்பூரில் மூன்றாண்டுகள் தங்கிக் காந்தியின் அறவழியைக் கற்றுத் திரும்பியவர். அடித்தால் திருப்பி அடிக்காமல் இருப்பதற்கு, வசவு கேட்டும் முகம் மாறாமல் இருப்பதற்கு, மாணவர்கள் ஒருவரையொருவர் ஏசியும் தள்ளியும் அங்கே பழகினார்கள். இந்த வழி பலிக்கும் என்ற நம்பிக்கை தொடக்கத்தில் டயேனுக்கு இருக்கவில்லை. வேறு எந்த முயற்சியும் ஊரில் இல்லை என்பதற்காகவே அங்கே நீடித்தார் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இந்த ஒளிவின்மைக்காகவே அவர்மீது எனக்குத் தனி மரியாதை.

1960 பிப்ரவரி 13 அன்று, வெள்ளையருக்கு மட்டுமே உணவு பரிமாறிய கடைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 21 வயது டயேன் அவர்களின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். காலை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே, அன்று செய்ய வேண்டியதை நினைத்து அவருக்கு உள்ளங்கை வேர்த்துப்போகுமாம். அவருடைய படம் செய்தித்தாளில் வந்தபின் கடைத்தெருவில் சில வெள்ளை இளைஞர்கள் அவரை அடையாளம் கண்டு, இவளைத்தான் பிடிக்க வேண்டும் என்று தங்களுக்குள் பேசியது காதில் விழுந்தது. கூட்டத்தில் ஒருவன் கத்தியால் குத்திவிட்டு நழுவினாலும் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் அவரை உலுக்கியது. ஒன்று இந்தப் பயத்தைத் தள்ளி வைக்க வேண்டும், அல்லது பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்று சில நிமிடங்கள் தனக்கே கெடு வைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருந்து முடிவு செய்தார். கடைகளைப் பற்றிய உரைகளைவிட, அந்தச் சில நிமிடங்களைத்தான் நம் மாணவிகள் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கைதானபோது, 50 டாலர் அபராதம் கட்டினால் அநீதிக்குத் துணைபோனதாகும் என்று நீதிபதியிடம் சொல்லிச் சிறைக்குப் போனார். ஊரில் பாட்டியோ, பேத்தி சேராத கூட்டத்தோடு சேர்ந்து கெட்டுவிட்டாள் என்று வருந்தினார். அந்தக் கூட்டத்துக்குத் தலைவியே தன் பேத்திதான் என்பது அவருக்குத் தெரியாது. ஏப்ரல் 19 அன்று மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வெடித்ததும், ஆயிரக்கணக்கானோர் ஓசையின்றி நகர மன்றத்துக்கு நடந்தார்கள். அங்கே மேயர் பென் வெஸ்டைப் பார்த்து, நிறத்தை மட்டுமே வைத்து ஒரு மனிதரைப் பாகுபடுத்துவது தவறில்லையா என்று டயேன் நேருக்கு நேராகக் கேட்க, தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகளில் கறுப்பின மக்களுக்கும் உணவு பரிமாறப்பட்டது.

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பேருந்துகளில் இருந்த நிறப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து சென்றதே விடுதலைப் பயணம். 1961இல் அலபாமாவில் அந்தப் பயணப் பேருந்து எரிக்கப்பட்டபோது, பயணம் நின்றுவிடக் கூடாது என்று நாஷ்வில் மாணவர்களை அனுப்பி வைத்தவரும் அவரே. உயிரோடு திரும்புவோமா என்று தெரியாமல் போன அந்தப் பிள்ளைகளில் சிலர் உயில் எழுதிவைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். 1962இல், வயிற்றில் பிள்ளையோடு, இளையோருக்கு அறவழிப் பயிற்சி அளித்த குற்றத்துக்கான இரண்டாண்டுத் தண்டனையை ஏற்க அவராகவே மிசிசிப்பி நீதிமன்றத்துக்கு வந்தார். மிசிசிப்பியில் பிறக்கும் எந்தக் கறுப்பினக் குழந்தையும் சிறையில்தான் பிறக்கிறது என்ற கருத்தை, தம் தோழர்களுக்கு எழுதிய மடலில் அவர் வைத்தார். நீதிமன்றத்தில் வெள்ளையர் பகுதியிலிருந்து எழ மறுத்ததற்காக 10 நாள் சிறையில் இருந்தார். இரண்டாண்டுத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று சில பெற்றோர் கேட்பார்கள். என்னிடம் கேட்டும் இருக்கிறார்கள். 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடங்கள்தான் இருந்தன. 1965 ஆகஸ்ட் 6 அன்று கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் கையெழுத்தானது. பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கீடு செய்த பழைய குடிவரவு முறையை ஒழித்த சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கையெழுத்தானது. டயேனைப் போன்றவர்கள் நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியிராவிட்டால் இரண்டாவது சட்டம் அத்தனை எளிதில் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். நம்மில் பலர் இங்கே வீடு வாங்கிப் பிள்ளை வளர்ப்பது அந்தக் கதவு திறந்ததால்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பிப்ரவரியில் மேல்நிலை வகுப்புகளுக்கு டயேன் நாஷின் வாழ்க்கையை ஒரு தலைப்பாகக் கொடுங்கள். வேர்த்த உள்ளங்கையையும் பாட்டியின் வருத்தத்தையும் விட்டுவிடாமல் பாடத்தில் சேருங்கள். பாட்டியாக ஒருவரும் பேத்தியாக ஒருவரும் பேசுவது போன்ற உரையாடலை மாணவிகளே எழுதட்டும். அன்று பெற்றோரையும் வகுப்புக்குள் உட்கார வையுங்கள். பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் பள்ளிகளுக்கு அனுப்பி வைக்கிறேன். ஓட்டிச் செல்லும் தொலைவென்றால் நானே வந்து நடத்தித் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை