இலவச வாட்ஸ்அப்புக்கு நான் கட்டும் பில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப் போன்ற செயலிகள் நம்மிடம் காசு வாங்காமல் எப்படி ஓடுகின்றன என்று சென்ற ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். 'நம் தகவலை வைத்துத்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அது பொய் என்று சொல்ல வரவில்லை, அந்த விவகாரத்தில்தான் 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம், வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆனால் நேரடியாகவே காசு கட்டுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. ஈரோட்டில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருக்கும் நானும் அதில் ஒருவன்.

போன தீபாவளிக்கு, கடை நோட்டில் இருந்த இரண்டாயிரம் எண்களுக்குத் தள்ளுபடிச் செய்தி அனுப்பினோம். ஒற்றை போனில் உட்கார்ந்து பதில் போடும் வரை கடைகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம்தான், மொத்தமாக அனுப்பப் போனால்தான் விஷயமே. செய்தி ஒன்றுக்கு முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், அப்புறம் நடுவில் இருக்கும் ஏஜென்சியின் பங்கு, அதன் தலையில் ஜிஎஸ்டி. கூட்டிப் பார்த்தால் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்தச் செலவை நான் எங்கே ஏற்றுவேன்? சேலை விலையில்தான். ஆக, 'இலவசமாக' வந்த செய்திக்குக் கடைசியில் காசு கொடுத்தது, அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்த அம்மாதான்.

'இந்த எண்ணுக்கு ஹாய் என்று அனுப்புங்கள்' என்று ஏன் எல்லாரும் கெஞ்சுகிறார்கள் தெரியுமா? வாடிக்கையாளர் முதலில் எழுதிவிட்டால், அடுத்த 24 மணி நேரம் அவருக்குச் சாதாரணமாகப் பதில் எழுதக் கட்டணம் இல்லை. கடைக்காரன் வலியப் போய்ப் பேசினால்தான் மீட்டர் ஓடும்.

ஆரம்பத்தில் கணக்கு வேறு. முதல் வருடம் இலவசம், பிறகு வருடத்துக்கு ஒரு டாலர் என்றார்கள். என்னிடம் யாரும் வாங்கியதில்லை, கெடு வரும்போதெல்லாம் அதுவே தள்ளிப்போகும். 2014-ல் பேஸ்புக் (இன்றைய மெட்டா) 1,900 கோடி டாலர் கொடுத்து வாங்க முன்வந்தபோது வாட்ஸ்அப்பில் வேலை பார்த்தவர்கள் 55 பேர், பயன்படுத்தியவர்கள் 45 கோடிப் பேர். 2016-ல் அந்த ஒரு டாலரும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

அவ்வளவு பேர் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைத்தான் நீங்கள் தொடவே இல்லை. எஸ்எம்எஸ் பேக் போட்டிருந்தாலும் பொங்கல், தீபாவளி, புத்தாண்டு அன்று அது செல்லாது என்று ஒரு காலம் இருந்ததே, மறந்துவிட்டதா? வாழ்த்துக்கு ஒரு ரூபாய் என்று பிடித்துவிடுவார்கள் என்பதால் போகியன்றே பொங்கல் வாழ்த்தை அனுப்பி முடித்துவிடுவோம். அந்த எரிச்சலில் இருந்தவர்களிடம், நெட் இருந்தால் போதும், எத்தனை வேண்டுமானாலும் அனுப்பு என்றால் விடுவார்களா? பாஸ்வேர்டு கிடையாது, போன் எண்ணே அடையாளம். நம் போனில் இருக்கும் எண்களைப் படித்து, யார் யார் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டிவிடும். என் மச்சானையும் சம்பந்தியையும் சேர்த்துவிட்டது நானேதான், எனக்குக் கமிஷன்கூட இல்லை! ஆள் சேர்த்தால் டாக்டைம் தருகிறேன் என்று போட்டிக்கு வந்த ஹைக் செயலி 2021-ல் கடையைச் சாத்திவிட்டது.

இப்போது சோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலியில் விளம்பரம் வராது என்கிறார்கள். நம்ம ஊர்க்காரர்கள், நன்றாக வரட்டும், நானும் ஏற்றி வைத்திருக்கிறேன். இருந்தாலும், விளம்பரம் விற்க மாட்டோம் என்று 2012-ல் வாட்ஸ்அப்காரர்கள் எழுதியே வைத்தார்கள். 2025 ஜூனில் ஸ்டேட்டஸ் பக்கத்தில் விளம்பரம் என்று அவர்களே அறிவித்தார்கள்.

அடுத்த முறை எழுதும்போது கடைக்காரன் பில்லுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். இந்தப் பொங்கலுக்கு என் பட்டியலை நானூறு பேராகக் குறைத்துவிட்டேன். மீதிப் பேரில் பாதி என் கடையை பிளாக் செய்திருப்பார்கள் போலிருக்கிறது. என் மருமகள் செய்துவிட்டாள், அது மட்டும் உறுதியாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு ஜவுளிக்கடைக்காரர்,
ஈரோடு.