நடுப்புள்ளி எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணக்கில் வேகம் வர ஷார்ட்கட் சொல்லித் தரும் பயிற்சிகளைப் பாராட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேகம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 35-இன் வர்க்கம் வேண்டுமா, 3-ஐ அடுத்த எண் 4-ஆல் பெருக்கி 12, பக்கத்தில் 25 போடு, 1225. பிள்ளைகள் கைதட்டுவார்கள். சரி, 36-க்கு ஏன் இது பலிக்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால்? 35 என்பது 30-உம் 5-உம். விரித்தால் 900, இரண்டு 150 (அதாவது 30×5 இரண்டு முறை), அப்புறம் 25. அந்த இரண்டு ஐந்துகள் பத்தாகிவிடுவதால்தான் 30×30 என்பது 30×40 ஆகிறது. 36-இல் இரண்டு ஆறு சேர்ந்து 12 ஆகிவிடும், வித்தை நின்றுவிடும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும், ஆனால் சொல்வதில்லை.

பயிற்சி மையங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, பள்ளியிலும் இதே கதைதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதத்துக்கு 100 மதிப்பெண். அதில் வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 16 உறுதி என்பார்கள். 35 எடுத்தால் தேர்ச்சி என்பதால் மெல்லக் கற்கும் பிள்ளைகளை இந்த இரண்டிலேயே திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரையச் சொன்னால், மையத்தையும் புள்ளியையும் இணைத்து, மையக்குத்துக்கோடு போட்டு, நடுப்புள்ளியில் காம்பஸை வைத்து ஒரு வட்டம் சுற்றி, வெட்டும் இடங்களோடு இணைத்துவிடுவார்கள். கோடு பிசகாது. அந்த நடுப்புள்ளி எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், “அது ஸ்டெப் சார்” என்று பதில் வரும். அரைவட்டத்தில் அமையும் கோணம் 90 பாகை, தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து, இந்த இரண்டையும் சேர்த்தால் அந்த ஸ்டெப் தானாகவே கிடைத்துவிடும். இரண்டுமே பிள்ளை படித்த பாடம்தான், சேர்த்துப் பார்க்க யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் கீழே போனால் பின்னம். முக்காலை (3/4) அரைக்காலால் (1/8) வகு என்றால் தலைகீழாக்கிப் பெருக்கி 6 என்று எழுதிவிடும் பிள்ளைக்கு, வகுத்த பிறகு எண் ஏன் பெரிதாகிறது என்று உறைப்பதே இல்லை. முக்கால் லிட்டர் பாலை அரைக்கால் லிட்டர் டம்ளரில் ஊற்றினால் எத்தனை டம்ளர் என்று கேளுங்கள், கணக்கே வராது என்று ஒதுக்கிவைத்த பிள்ளையும் சொல்லிவிடும்.

ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தேர்ச்சி விழுக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் கேட்கும் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்திய பள்ளிகள் எத்தனை! அதைத் தடுக்கத்தான் 2018-இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. அதுவும் 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு போய்விட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் பழைய வழக்கம் திரும்பாது என்பதற்கு என்ன ஏற்பாடு?

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். தொடுகோடு வரையும் அந்த 8 மதிப்பெண்ணில் இரண்டை “நடுப்புள்ளியில் ஏன் வட்டம் வரைந்தாய்?” என்பதற்கு ஒதுக்கட்டும். அது வினாத்தாளில் வந்துவிட்டால் மறுநாளே வகுப்பிலும் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தேனி மாவட்டம்