கை போனதை ‘வீட்டு விபத்து’ என்று எழுத விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷினில் விரலையோ கையையோ பறிகொடுக்கும் தொழிலாளியின் மீதி வாழ்க்கையை, அன்று ஆஸ்பத்திரியில் எழுதப்படும் காகிதம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் பல வருடம் டூல்ரூம் ஃபிட்டராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வேலைக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் அரூர் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். பிரஸ்ஸில் வலது கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. இரண்டு கைகளாலும் பட்டனை அழுத்தினால்தான் ஓட வேண்டிய மெஷின் அது. ஒரு பட்டனை டேப் ஒட்டி நிரந்தரமாக அமுக்கி வைத்திருந்தார்கள். பீஸ் எண்ணிக்கை கூட வேண்டுமே! டையில், அதாவது மெஷினின் அச்சில், சிக்கிய தகட்டை எடுக்கக் கையை விட்டபோது மெஷின் இறங்கிவிட்டது. முதலாளி தன் காரிலேயே தனியார் நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோனார், பில் முழுவதையும் கட்டினார், கையில் 50,000 ரூபாயும் கொடுத்தார். “நல்ல மனுஷர்ண்ணே, அவரைக் குறை சொல்லக் கூடாது” என்றான் பையன். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். வீட்டில் கதவிடுக்கில் கை நசுங்கியதாக எழுதியிருந்தது. கன்னடத்தில் டைப் அடித்த ஒரு தாளில் அவன் மனைவியிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். அவளுக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். கட்டைவிரல் இழப்பு என்றால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாகச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் நாளுக்கு 500. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் அதில் 90 சதவீதம், அதாவது 450. அந்த 450-இல் 30 சதவீதம் 135 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 4,000 ரூபாய், உயிருள்ளவரை. முதலாளி கொடுத்த 50,000 இதில் ஒரு வருடப் பணம்தான். பையனுக்கு வயது இருபத்துச் சொச்சம். காயம் ஆறும் வரை வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் சம்பளத்தில் 90 சதவீதம் தனியாக உண்டு.

“உன் கவனக்குறைவுதான்” என்று சொல்லி வாயை அடைப்பார்கள். நம்பாதீர்கள். வேலை நேரத்தில் வேலையால் வந்த காயம் என்றால், கவனக்குறைவைக் காட்டி உரிமையை மறுக்க முடியாது. ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டியது ஆலை நடத்துபவரின் கடமை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அது இருந்தது. இ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட வேலை என்றால் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பலன் உண்டு. முதலாளி பதிவு செய்யாமல் விட்டது தொழிலாளியின் குற்றம் ஆகாது. பத்துப் பேருக்கும் குறைவாக உள்ள சின்ன ஷெட் என்றால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. இருக்காது, சரி, ஆனால் 1923 முதலே இருந்துவரும் இழப்பீட்டு உரிமை இருக்கிறது. காண்ட்ராக்டர் ஆள் என்று கைகழுவவும் முடியாது, மூல முதலாளியிடமே கேட்கலாம். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய தாள் சட்டப்படி செல்லாது.

ஆனால் இத்தனையும் விபத்து ஆலையில் நடந்தது என்று நிரூபித்தால்தான். அந்தப் பையனுக்காக இப்போது வருகைப் பதிவேட்டையும் சாட்சியையும் தேடி அலைகிறோம். பக்கத்து மெஷினில் நின்றவன் வாய் திறக்கப் பயப்படுகிறான். அவனுக்கும் வாடகை, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கிறது.

அதனால் கூட வேலை செய்பவர்களைத்தான் கேட்டுக்கொள்கிறேன். அடிபட்டவனுடன் ஒருவர் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘கம்பெனியில் மெஷினில் அடிபட்டது’ என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சீட்டில் அப்படியே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மெஷினை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம் ஒன்று: துண்டான விரலை நேராக ஐஸில் போடக் கூடாது. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வைத்து எடுத்துப் போக வேண்டும்.

தொழிற்சாலை ஆய்வாளர்கள் பீனியாவின் சின்னச் சின்ன ஷெட்டுகளுக்குள் திடீரென்று நுழைந்து, பட்டனில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் இந்த உரிமைகளைக் கன்னடத்தோடு தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். அதுவரை, விபத்து நடந்தால் முதல் நாளில் செய்ய வேண்டியவற்றைத் தங்கள் நாளிதழ் ஒரு கால் பக்கத்தில், வெட்டிச் சுவரில் ஒட்டும்படி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்ரூம் ஃபிட்டர்,
தாசரஹள்ளி, பெங்களூரு