தேமலுக்குப் பூஞ்சாணக் கொல்லியா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேமல் தாக்கிய மரவள்ளிக்குப் பூஞ்சாணக் கொல்லி தெளித்தால் இலை பழையபடி தெளிந்துவிடும் என்று சென்ற மாதம் தங்கள் வேளாண் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். தேமல் வைரஸ் நோய் என்பது தாங்கள் அறியாததல்ல. வைரஸ் புகுந்த செடியைக் குணமாக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை என்பதும் தெரிந்திருக்கும். பிறகு அந்த வரி எப்படி அச்சேறியது?

எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அந்தத் துண்டைக் கத்தரித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரருக்குக் கொண்டாட்டம். கேட்டதோடு 'டானிக்' என்று இன்னொரு பாட்டிலையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். இலை இன்னும் மஞ்சளும் பச்சையுமாகக் கோணிக்கொண்டுதான் நிற்கிறது.

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போடுகிற எங்களுக்கு வெள்ளை ஈ புதிதல்ல. இலையின் அடியில் உட்கார்ந்து, நோய்ச்செடியில் சாற்றோடு உறிஞ்சிய வைரஸை அடுத்த செடியில் எச்சிலோடு இறக்கிவிடும். அப்புறம் ஈயைக் கொன்றாலும் அந்தச் செடி தேறாது. அதைவிடக் கேடு, நாமே நடுகிற கரணை, அதாவது விதைக்குச்சி. தேமல் பிடித்த செடியில் வெட்டிய குச்சியை நட்டால் ஈயே வேண்டியதில்லை. துளிர்க்கும்போதே அடியிலையில் மஞ்சள் திட்டு தெரிந்தால் நோய் குச்சியோடு வந்தது. அடியிலை சுத்தமாக இருந்து மேலே திட்டு விழுந்தால் ஈ கொண்டுவந்தது. ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அது ஒன்றும் அமெரிக்காவில் இல்லை, சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இது முதல் தடவையும் அல்ல. வாழையின் முடிக்கொத்து நோயைச் சத்துக்குறைவு என்று எழுதினீர்கள். அதுவும் வைரஸ், பரப்புவது அசுவினிப் பூச்சி என்று நான் எழுதிய கடிதம் என்ன ஆனதோ! ஜவ்வரிசி ஆலையில் பாயிண்ட், அதாவது மாவுச்சத்தின் அளவு, குறைவு என்று கிழங்குக்குப் பணம் பிடித்தபோது நாங்கள் சாலையில் உட்கார்ந்தோம். மறுநாள் தங்கள் மாவட்டப் பக்கத்தில் அரைப்பக்கத்துக்கு ஒரு நகைக்கடைத் திறப்புவிழா. எங்களுக்கு இடமில்லை, இருக்கட்டும். பூச்சிமருந்து விளம்பரம் மட்டும் வண்ணத்தில் வருகிறதே, தேமல் இலையின் படம் ஏன் கறுப்பு வெள்ளையில்? மஞ்சள் திட்டை அதில் எங்கே தேடுவது?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நோய்ச்செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும், தேமல் இல்லாத செடியில் மட்டும் குச்சி எடுக்க வேண்டும் என்று நான்கு வரியில் ஒரு திருத்தம், கரணை வெட்டும் பருவத்துக்கு முன்பாக. இயன்றால் அந்தப் படத்தையும் வண்ணத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மரவள்ளி விவசாயி,
ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.